அது குறட்டை இல்லையாம்

எங்களுக்குச் செட்டிகுளத்தில் சின்ன வெங்காய வியாபாரம். போன மாதம் ஒருநாள் மதியம் சாப்பிட்டதும், என் கணவர் வழக்கம்போல் சாக்கை விரித்துப் படுத்தார். நானும் நாத்தனாரும் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம். ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு.

"அண்ணனுக்கு என்னா அசதி பாருங்க அண்ணி!" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகத்தில் ஈ உட்கார்ந்தும் அவர் அசையவில்லை. தட்டி எழுப்பினேன், எழவில்லை.

"வலிப்பு அண்ணி!" என்று அவள் சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தாள். அது நழுவிக் கீழே விழுந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பேசிய பெண், "மூச்சு வருதாம்மா?" என்றாள்.

"குறட்டை விடுறாருங்க. ஆனா விட்டு விட்டு வருது."

"அது மூச்சு இல்லம்மா! நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வெச்சு வேகமா அழுத்துங்க. நாங்க வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

சத்தம் வருகிறதே, எப்படி மூச்சு இல்லாமல் போகும்? புரியாமலேதான் அழுத்தினேன். வந்தவர்கள் நெஞ்சில் மின்அதிர்ச்சி கொடுத்து, பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டார்.

இதயம் நின்ற பிறகும் சிலருக்குக் கொஞ்ச நேரம் அப்படி இழுக்குமாம். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

இப்போதெல்லாம் அவர் குறட்டை விட்டாலே உலுக்கிவிடுகிறேன். "தூங்க வுடுடி, சனியனே!" என்று கத்துகிறார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் என் கை வெங்காயத்துக்குப் போகிறது.