கொள்ளிடத்துக்கு வடக்கே பதினேழு மரங்கள்

1987 செப்டம்பர் 17, வியாழக்கிழமை. காலை மணி 6.50. நாகப்பட்டினம் துறைமுகம். வானம் மூட்டம், காற்று இல்லை. தூறல் ஏழு நிமிஷம் விழுந்து நின்றிருந்தது. கப்பல் கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. அதிலிருந்து மோட்டார் படகில் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் படகில் முப்பத்தொரு பேர். அக்கா இல்லை. இரண்டாவதில் இருபத்தெட்டு பேர். அக்கா இல்லை. மூன்றாவது படகில் வந்தாள்.

அக்கா கல்யாணமாகிப் பினாங்குக்குப் போனது 1964இல். இருபத்துமூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. மச்சான் அனுப்பவில்லை, பிறகு மச்சான் படுத்துவிட்டார், அவர் போன பிறகு கையில் பணம் இல்லை. அந்த வருஷம் அவள் பிள்ளைகள் சேர்ந்து பணம் போட்டு ஓர் உல்லாசக் கப்பலில் அவளை ஏற்றிவிட்டார்கள். கப்பல் நாகப்பட்டினத்தில் ஒரே ஒரு பகல் நிற்கும். கரையில் இறங்க ஒரு சீட்டு கொடுப்பார்கள். கடைசிப் படகு மாலை 5.30. யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம் என்று அந்தச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

அம்மா எங்களுடன் கள்ளக்குறிச்சியில் இருந்தாள். அப்போது எழுபத்திரண்டு வயது. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நரம்பு பட்டுப்போய்க்கொண்டே வருகிறது, அறுத்துப் பயனில்லை, பொங்கல் வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மிச்சப் பார்வையால் மகளை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பதுதான் அம்மா கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை.

கள்ளக்குறிச்சிக்கு வந்து திரும்ப அக்காவுக்கு நேரம் பற்றாது. நாகப்பட்டினம் வரை பஸ்ஸில் வர அம்மாவின் இடுப்பு தாங்காது. நடுவில் சிதம்பரம் என்று முடிவு செய்தேன். அங்கே பஸ் நிலையத்தில் அம்மா காத்திருப்பாள். நான் ஒரு வாடகைக் காரில் அக்காவை அழைத்துக்கொண்டு பதினொன்றரைக்குப் போய்ச் சேருவேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம்.

நான் அப்போது கரியாலூர் மலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மலையேறும் பஸ் எத்தனை வளைவு திரும்புகிறது என்று எண்ணாமல் ஒரு நாளும் மலையேறியதில்லை. பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் இருபது சதவீத இட ஒதுக்கீட்டுக்காகச் சாலை மறியல் என்பது சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் முதலில் போட்ட திட்டம், நானும் அம்மாவும் புதன்கிழமையே கிளம்பிச் சிதம்பரத்தில் இரவு தங்குவது. பிறகு நாள்காட்டியைப் பார்த்தேன். புதன்கிழமை நவமி. இரண்டு வருஷம் முன்பு ஒரு நவமியன்று கிளம்பித்தான் அம்மா பஸ் படியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள்.

அம்மாவே சொன்னாள்: "நவமி பாத்தா வுழுந்தேன்? படி வழுக்கிச்சி, வுழுந்தேன். பேசாம புதன்கெழம இட்டுக்கினு போடா."

நான் கேட்கவில்லை. படித்தவன் என்று ஊரில் பெயர். நாள்காட்டியைப் பார்க்காமல் இருந்திருந்தால் அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். பார்த்துவிட்ட பிறகு மனது ஒப்பவில்லை. மறியல் காலை ஆறு மணிக்குத்தானே ஆரம்பிக்கும், வியாழக்கிழமை அதிகாலை 4.20 பஸ்ஸில் தம்பி அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினால் ஆறுக்குள் விருத்தாசலம், எப்படியும் எட்டுக்குள் சிதம்பரம் என்று தாளில் போட்டுத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, நான் மட்டும் புதன்கிழமை நாகப்பட்டினம் போனேன். விழுந்தது அம்மா, அதனால் நவமியும் அம்மாவுக்குத்தான் என்று எனக்கு ஒரு கணக்கு.

ஆட்கள் வந்து சாலையில் உட்காருவார்கள், விஷயத்தைச் சொன்னால் வழி விடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மரத்தை நினைக்கவில்லை.

கார் 8.25க்குக் கிளம்பியது. பழைய அம்பாசிடர். டிரைவர் நாகூர்க்காரர், பேசிக்கொண்டே ஓட்டுபவர்.

"அக்கா கப்பல்ல வந்தவங்களா? பாஷ நம்ம பாஷையாவே இருக்கே!"

"நா இன்னா சீனாக்காரியா? கள்ளக்குறிச்சிப்பா," என்றாள் அக்கா. ஊரில் நாங்களே விட்டுவிட்ட பேச்சையெல்லாம் அவள் அங்கே பத்திரமாக வைத்திருந்தாள்.

வெட்டாறு, திருமலைராஜன் ஆறு, அரசலாறு, நண்டலாறு. பாலம் வரும்போதெல்லாம் அக்கா பெயர் கேட்டாள், டிரைவர் சொன்னார், நான் விரலை மடக்கினேன். எங்கள் ஊரில் கோமுகி ஒன்றை வைத்துக்கொண்டு பெருமை பேசுவோம். இங்கே பத்து மைலுக்குள் நான்கு. ஆனால் அந்த வருஷம் தண்ணீர் கம்மி. பாதி ஆறுகளில் மணல்தான் ஓடியது. வயலில் நாற்று இருந்தது, நட ஆள் இல்லை.

"இத்தன ஆறு இருந்தும் காஞ்சிதான் கெடக்குது," என்றாள். உடனே, "அம்மாவுக்கு என்ன அடையாளம் தெரியுமாடா?" என்றாள்.

"தெரியும்."

"எவ்ளோ தூரத்துல நின்னா தெரியும்?"

"மூணு அடி. வெளிச்சம் முன்னாலேந்து வரணும்."

அக்கா காரின் கண்ணாடியில் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டாள்.

சீர்காழியில் 10.20க்கு நிறுத்தி, எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த உரக்கடைக்கு டிரங்கால் போட்டேன். இருபத்துமூன்று நிமிஷத்தில் கிடைத்தது. அம்மாவும் தம்பியும் 4.20க்கே போய்விட்டார்கள், ஊரில் எல்லாம் அடைத்திருக்கிறது, வேறு எதுவும் தெரியாது என்றார் கடைக்காரர். ஒன்பது நிமிஷம் பேசினேன். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

கொள்ளிடம் பாலத்தை 11.15க்குத் தாண்டினோம். பாலம் வரை தஞ்சாவூர் ஜில்லா, தாண்டினால் எங்கள் தென்னாற்காடு. இந்தக் கரையில் டீக்கடை திறந்திருந்தது. அந்தக் கரையில் முதல் மரம் கிடந்தது. பெரிய புளியமரம், சாலையை முழுக்க அடைத்து, இலை இன்னும் வாடாமல். அதன்மேல் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"திருப்பு, திருப்பு! யாரு வூட்டு வண்டி இது?"

நான் இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னேன். தலையில் துண்டு கட்டிய ஒருவர் கேட்டார்: "அம்மா எங்கேந்து வர்றாங்க?"

"கள்ளக்குறிச்சி."

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "கள்ளக்குறிச்சிலேந்து இன்னிக்கி காக்கா வேணா வரும். நைட்டே மரம் போட்டாச்சி சார். நீங்க இன்னா பண்றீங்க?"

"கணக்கு வாத்தியார்."

"அட, நமக்கு வேண்டிய ஆளு! வாத்தியாரே, நூத்துக்கு இருவதுன்னா அஞ்சுல ஒண்ணு. அஞ்சுல ஒண்ணு கேட்டா அது ஜாஸ்தியா, கம்மியா? நீங்களே சொல்லுங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். அக்கா அதற்குள் இறங்கி வந்து மரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏம்பா, இருவத்திமூணு வருஷம் கழிச்சி வர்றேன். எங்கம்மாவுக்குக் கண்ணு போய்க்கினு இருக்குது. நடந்தாவது போறேன், வுடுங்க," என்றாள்.

துண்டு கட்டியவர் எழுந்து புதருக்குப் பின்னாலிருந்து ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அக்காவ பின்னால ஒக்கார வெச்சி மிதிங்க. மரம் வந்தா எறங்கித் தூக்கித் தாண்டுங்க. யாராவது கேட்டா, கொள்ளிடத்துக் கரையில குடுத்தாங்கன்னு சொல்லுங்க. திரும்பி வந்து இங்கயே வுட்டுடுங்க."

பெயர் கேட்கவில்லை, விலாசம் கேட்கவில்லை. சைக்கிள் புதிது.

நான்கு மைல். பதினேழு மரங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் சைக்கிளைத் தூக்குவேன், அக்கா கிளைக்குள் குனிந்து நுழைவாள். ஏழாவது மரத்தில் அவள் புடவை கிழிந்தது. பதினோராவது மரத்தில் இரண்டு பெண்கள் மோர் கொடுத்தார்கள். சராசரியாக ஒரு மரத்துக்கு இரண்டரை நிமிஷம் ஆகிறது, திரும்பும்போதும் அவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே மிதித்தேன். பின்னாலிருந்து அக்கா ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டு வந்தாள். என்ன கதை என்று இப்போது யோசித்தாலும் வரவில்லை.

சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு 12.40க்குப் போனோம். மூன்று பஸ்கள் நின்றன. மூன்றிலும் டிரைவர் இல்லை. எல்லாக் கடையும் அடைத்திருந்தது. நேரக் காப்பாளர் மட்டும் ஒரு பெஞ்சில் படுத்திருந்தார். விருத்தாசலம் பக்கமிருந்து நேற்று இரவு பத்தரைக்குப் பிறகு ஒரு வண்டியும் வரவில்லை என்றார். அக்கா அவரை நம்பவில்லை. நிலையத்தைச் சுற்றி இருந்த ஒவ்வொரு கிழவியின் முகத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்து கிழவிகள்.

1.05க்கு நான் கிளம்பலாம் என்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்டா."

1.10க்கு மறுபடி அஞ்சு நிமிஷம். 1.15க்கு மறுபடி. பிறகு அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கப்பல் போனா போவட்டும். நா வூட்டுக்கே வந்துடறேன். நடந்தே போவலாம்."

எழுபது மைல், எத்தனை மரம் என்றே தெரியாது, பாஸ்போர்ட் கப்பலில் இருக்கிறது, சீட்டில் ஒரு நாள்தான் எழுதியிருக்கிறது, பிடித்தால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாம் சரியான கணக்குதான். அக்கா கேட்டுக்கொண்டு நின்றாள்.

"நீ கணக்கு போட்டா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு சைக்கிள் பக்கம் வந்தாள்.

2.35க்குச் சைக்கிளை மரத்தடியில் விட்டோம். துண்டு கட்டியவர், "அம்மா வந்தாங்களா?" என்று கேட்டார். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் எங்களுக்குப் பின்னால் கிடந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தார்.

பாலத்தருகே காத்திருந்த காரில் ஏறினோம். சீர்காழியில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். "சார், அந்த முக்குல ஒரு ஸ்டுடியோ இருக்குங்க. அக்காவ ஒரு போட்டோ எடுத்து வெச்சிக்கிட்டா அம்மாவுக்காவது காட்டலாமே? பத்தே நிமிஷம்."

மணி 3.05. வழியில் ரயில்வே கேட் இருக்கிறது. காலையில் அதில் பன்னிரண்டு நிமிஷம் நின்றோம். இன்னொரு தடவை நின்றால், டயர் ஒன்று போனால், காரைக்காலில் கூட்டம் இருந்தால் என்று எண்ணினேன்.

"வேணாம். போங்க," என்றேன்.

கேட் திறந்திருந்தது. டயர் போகவில்லை. துறைமுகத்துக்கு 4.40க்கே வந்துவிட்டோம். ஐம்பது நிமிஷம் மிச்சம். அந்த ஐம்பது நிமிஷமும் அக்கா படகுத்துறைக் கல்லில் உட்கார்ந்து, அம்மாவுக்கு என்று கொண்டுவந்த பையில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, எது எதற்கு என்று எனக்குச் சொன்னாள். இரண்டு தைலப் புட்டி, ஒரு போர்வை, நான்கு ரவிக்கைத் துணி, ஒரு டார்ச் லைட். ராத்திரி எழுந்தால் அம்மாவுக்கு வெளிச்சம் வேண்டும் என்று டார்ச் லைட். 5.30 படகில் ஏறிப் போனாள்.

கப்பல் 5.30க்குக் கிளம்பவில்லை. தஞ்சாவூர் பார்க்கப் போன கப்பல் பயணிகளின் பஸ் வழியில் பழுதாகி, நாற்பது பேர் வரவில்லை. அந்த நாற்பது பேருக்காகக் கப்பல் இரவு 9.40 வரை நின்றது. நான் தங்கியிருந்த விடுதி மாடியிலிருந்து அதன் விளக்குகள் தெரிந்தன. நான்கு மணி நேரம் பத்து நிமிஷம்.

மறியல் முடியும் வரை வடக்கே பஸ் இல்லை. துப்பாக்கிச் சூடு என்றும் செத்தவர்கள் என்றும் தினமும் செய்தி வந்தது. அந்தச் சைக்கிள்காரர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள எனக்கு வழி இல்லை. புதன்கிழமையையும் சேர்த்து விடுதியில் எட்டு இரவு. 24ஆம் தேதி மாலை வீடு வந்து சேர்ந்தேன்.

அம்மா எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். வேப்பூருக்கு இந்தப் பக்கமே 5.10க்குப் பஸ் மரத்தில் நின்றுவிட்டதாம். பயணிகளோடு இரண்டு இரவு ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்து, மூன்றாம் நாள் மாட்டுவண்டியில் திரும்பினார்களாம். அக்காவுக்குக் கொண்டுபோன அறுபது அதிரசத்தையும் பஸ்ஸில் இருந்தவர்களுக்கே கொடுத்துவிட்டதை அம்மா உற்சாகமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"எப்பிடிடா இருந்தா?"

"நல்லா இருந்தாங்கம்மா."

"அது தெரியும். மூஞ்சி எப்பிடி இருந்துச்சி? உங்க அப்பா ஜாட வந்துடுச்சா, இல்ல இன்னும் என்ன மாதிரியேதான் இருக்காளா? நர வுழுந்துட்டுதா? மூக்குத்தி போட்டிருந்தாளா, கழட்டிட்டாளா?"

காலை 8.25இலிருந்து மாலை 5.30 வரை, ஒன்பது மணி நேரம் ஐந்து நிமிஷம், அக்கா என் பக்கத்தில் இருந்தாள். மூக்குத்தி இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கிழிந்த புடவையின் நிறம்கூட வரவில்லை. அம்மா வலது கண்ணை என் பக்கம் திருப்பிக் காத்துக்கொண்டிருந்தாள்.

"உன்ன மாதிரியேதாம்மா," என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். எவ்வளவு தெரிந்ததோ. பிறகு என் முழங்காலைத் தட்டி, "சரி, வுடு. மொத்தம் எவ்ளோ ஆச்சி?" என்று கேட்டாள்.

அது எனக்குத் தெரிந்திருந்தது. எழுநூற்றுப் பதின்மூன்று ரூபாய் இருபத்தைந்து காசு என்றேன்.