சரோஜா அக்கா சூதாடவில்லை

சரோஜா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு படத்தோடு வந்து சேர்ந்தது. கூலாய்ப் பக்கம் நாங்கள் வேலை செய்யும் கோல்ஃப் கிளப்பின் பெண்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் காலை ஆறு மணிக்கு யாரோ போட்டிருந்தார்கள். சூதாட்ட இயந்திரத்துக்கு முன்னால் உயரமான முக்காலியில் அக்கா உட்கார்ந்திருக்கும் அந்தப் பழைய படம். கீழே "நம்ம கசினோ அக்கா போய்ட்டாங்க" என்று எழுதி, கைகூப்பும் பொம்மை நாலு. நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் இன்னும் இருபது பேர் கைகூப்பியிருந்தார்கள். இத்தனை வருடம் கூடவே வெயிலில் நடந்தவருக்குப் போட இவர்களிடம் வேறு ஒரு படம் இல்லையாம்.

அழுகை எனக்கு மத்தியானம்தான் வந்தது. அதுவரை ஆத்திரம்தான்.

துக்க வீட்டில் அது இன்னும் ஏறியது. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு மலர்வளையம் நின்றது. அனுப்பியவர் டத்தோ. செனாய்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருப்பவர், எங்கள் கிளப்பில் பெரிய உறுப்பினர், பெயரைச் சொல்லாமல் டத்தோ என்ற பட்டத்தைச் சொன்னாலே உங்களுக்குத் தெரியும். "எங்கள் அன்புச் சகோதரிக்கு" என்று தங்க எழுத்து. அந்தச் சகோதரியை கிளப் வாசலை மிதிக்கவிடாமல் செய்த அண்ணன் அவர். கூடாரத்தில் மைலோ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், அக்கா அமெரிக்காவில் விடிய விடிய இயந்திரத்தை இழுத்த கதையைச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே கிடக்கிறார், இவர்களுக்குச் சிரிப்பு.

அக்காவின் ஒரே மகள் கவிதா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். சிங்கப்பூரில் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறவள். அங்கேயும் யாரோ அவளிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

"சித்தி, அம்மாகூட நீங்களும்தானே போனீங்க. உண்மைய சொல்லுங்க, அம்மா வெளாண்டாங்களா?"

இல்லை என்றேன். அப்படியானால் அம்மா ஏன் ஒரு நாளும் இல்லை என்று சொல்லவில்லை என்று கேட்டாள். அதை எழுதித் தருகிறேன் என்றேன். எழுதுங்கள், கருமக்கிரியைக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிறேன் என்றாள். அப்படித்தான் இது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிடாமல் முழுதாகப் படியுங்கள்.

எங்கள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கோல்ஃப் ஆடுகிறவரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்க வேண்டும், பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், எந்த மட்டையை எடுக்கலாம் என்று சொல்ல வேண்டும். மலாயில் கெடி என்பார்கள், நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். செம்பனைத் தோட்டத்தை அழித்துத் திடல் போட்டபோது, அங்கே வேலை இழந்த பெண்கள் பலர் அதே மண்ணில் பை தூக்க வந்தோம். அக்கா எனக்கு ஆறு வருடம் முன்னால் வந்தவர்.

பந்து திடல் ஓரத்தில் மிச்சமிருக்கும் செம்பனைக்குள் போய்விட்டால் நாங்களெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நிற்போம். அக்கா அப்படி நிற்கமாட்டார். ஒரு இலையைக் கிழித்துப் பந்தை ஒட்டி வைப்பார், கண் தவறினாலும் இடம் தவறக்கூடாது என்று. இலையை வைத்த பிறகுதான் முகத்து வியர்வையைத் துடைப்பார். ஒருமுறை ஒரு உறுப்பினர், பந்து நல்ல இடத்தில் கிடப்பதாகச் சொல்லேன் என்று கண்ணைச் சிமிட்டினார். "பந்து எங்க கெடக்குதோ அங்கதான் பாஸ் கெடக்குது, நான் என்ன செய்ய" என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அது எங்களுக்கெல்லாம் ஒரு பேச்சாகிவிட்டது. பஸ் வரத் தாமதமானாலும் சோறு குழைந்துபோனாலும் பந்து அங்கதான் கெடக்குது என்போம்.

இன்னொரு நாள் இடி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. ஆடுகிறவர்கள் பக்கி வண்டியில் ஏறிக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். இரும்பு மட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாங்கள் நாலு பெண்கள் வெட்டவெளியில் நின்றோம். அக்கா தன் பையை இறக்கிப் புல்லில் போட்டார், எங்களையும் போடச் சொன்னார், எல்லாரையும் பம்பு வீட்டுக்குள் கூட்டிப்போனார். மழை விட்டதும் ஒருவர் தன் பை நனைந்துவிட்டதென்று குதித்தார். "பை நனைஞ்சா காயும் பாஸ். மல்லிகா கருகிட்டா யாரு வந்து பை தூக்குவா?" என்று அக்கா கேட்டார். அந்த மல்லிகா நான்தான்.

இனி அந்தப் பயணம். டத்தோ ஆண்டுதோறும் நண்பர்களோடு கோல்ஃபும் கசினோவுமாகச் சுற்றப்போவார். அந்த வருடம் அமெரிக்காவில், பாலைவனத்துக்கு நடுவில் இருக்கும் லாஸ் வேகாஸ். அவருக்கும் அவருடைய சிங்கப்பூர்க் கூட்டாளிக்கும் பந்தயம், தோற்றவர் ஒரு காரைக் கொடுக்க வேண்டும். கெடியைச் சொந்த ஊரிலிருந்தே கூட்டிவரலாம் என்று பேசிக்கொண்டார்கள். டத்தோவுக்கு அக்கா, அவரோடு ஜோடியாக ஆடிய நண்பருக்கு நான். பந்தயத்தைப் பற்றி மூச்சுவிடாமல், இவர்களின் உழைப்புக்கு என் பரிசு என்று கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்குப் புருஷன் இல்லை. ஆம்பளைகளோடு சூதாட்ட ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்று எங்கள் குடியிருப்புத் தாமானில் பேசியவர்களில் சிலர் இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் புருஷன் இருந்ததால் என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போனது அதே விமானம், அதே ஊர்.

பாலைவனம் என்றால் கொளுத்தும் என்று நினைத்து, இரண்டு பேரும் பருத்திச் சட்டையும் குடையுமாகப் போய் இறங்கினோம். ஜனவரி மாதம். காற்றில் பல் கிட்டிக்கொண்டது. ஹோட்டல் துவாலையைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனோம். முதல் நாள் அக்கா குனிந்து புல்லைத் தடவிவிட்டு விரலைக் காட்டினார், பச்சையாக இருந்தது. குளிரில் புல் பழுப்பாகிவிடுமாம், அதனால் சாயம் அடித்திருந்தார்கள். "நம்ம ஊருல புல்லு வெட்டி மாளல, இங்க பெயிண்ட் அடிக்கிறானுங்க மல்லிகா" என்று சொல்லி, தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்தப் பயணத்தில் நாங்கள் வாய்விட்டுச் சிரித்தது அது ஒருமுறைதான்.

அங்கே புல்லைத் தாண்டினால் மணலும் முள் புதரும்தான். கிழித்துவைக்க நல்ல இலை கிடையாது. அக்கா ஒரு பழைய துண்டை நீளநீளமாகக் கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பந்து புதருக்குள் போனால் பக்கத்தில் துணியை வைத்து, காற்றில் போகாமலிருக்க அதன் மேல் ஒரு கல்லையும் வைப்பார்.

மூன்றாம் நாள், பதினான்காவது குழி. டத்தோ அடித்த பந்து ஒரு புதருக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. அக்கா முன்னால் ஓடிக் கண்டுபிடித்து, துணியை வைத்து, கல்லை வைத்துவிட்டு, மட்டைப் பையை எடுக்கப் போனார். டத்தோ வந்தார். புதரைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். இடது காலால் பந்தை மெல்ல வெளியே தள்ளி, தடையில்லாத இடத்தில் நிறுத்தினார். அவசரத்தில் துணியை மறந்துவிட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால் பார்க்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் நின்றேன்.

சிங்கப்பூர்க்காரர் வந்தார். துணி புதருக்குள் இருக்கிறது, பந்து நாலடி தள்ளி வெளியே இருக்கிறது. மூன்று நாளாக அக்காவின் வேலையைப் பார்த்துவந்தவர் அவர். துணி ஏன் அங்கே இருக்கிறது என்று அக்காவிடம் மலாயில் கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் டத்தோ, காற்று துணியைத் தள்ளிவிட்டது என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, காற்றுதானே சரோஜா என்று கேட்டார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா புதரைப் பார்த்தார்.

"துணி மேல கல்லு இருக்கு, பாஸ்."

அவ்வளவுதான் சொன்னார். டத்தோ ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. இருப்பதை இருக்கிறது என்றார். சிங்கப்பூர்க்காரர் என் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று கேட்டார். பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன்.

அந்தக் குழியோடு ஆட்டம் நின்றது, பந்தயமும் போயிற்று. மறுநாள் டத்தோவின் உதவியாளர் அறைக்கு வந்து, இனி நாங்கள் திடலுக்கு வர வேண்டாம், திரும்பும் நாள்வரை ஹோட்டலிலேயே இருங்கள் என்றார். அறையிலிருந்து சாப்பாட்டுக் கடைக்குப் போக வேண்டுமானால் சூதாட்டக் கூடத்துக்குள் புகுந்துதான் போக வேண்டும், அந்த ஹோட்டலை அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறார்கள். மணலில் நடந்து அக்காவுக்குக் கால் வீங்கியிருந்தது. ரொட்டி வாங்கிக்கொண்டு வரும் வழியில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். எதிரில் அந்த உதவியாளர் கைபேசியைத் தூக்கினார். ஏதோ ஞாபகத்துக்கு எடுக்கிறார் என்று நினைத்து அக்கா முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டார். உங்கள் எல்லாரிடமும் அந்தப் படம் இருக்கிறதே, எடுத்துப் பாருங்கள். இடது காலில் செருப்பு இருக்காது. பக்கத்தில் ரொட்டிப் பையோடு நின்ற என்னை வெட்டிவிட்டிருப்பார்கள்.

நாங்கள் செனாய் விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே படம் ஊருக்கு வந்துவிட்டது. கசினோவில் சூதாடி டத்தோவின் மானத்தை வாங்கிவிட்டாய், இனி உனக்கு டர்ன் கிடையாது என்று, எங்களுக்கு வேலை முறை பிரித்துக் கொடுக்கும் கெடி மாஸ்டர் சொல்லிவிட்டார். டர்ன் இல்லை என்றால் எங்களுக்கு வேலை இல்லை. இரவெல்லாம் கசினோவில் கிடந்தவர் டத்தோ. அவர் செய்தால் அது விடுமுறை. அக்கா கால்வலிக்கு ஒரு முக்காலியில் உட்கார்ந்தால் சூதாட்டம். கிளப்பில் ஒருவர், தாமானில் ஒருவர், கோயிலில் ஒருவர் அக்காவிடம் நேரே போய், என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. அக்கா ஒரு தொழிற்சாலை விடுதியில் கக்கூசு கழுவப் போனார். அங்கேயும் அவரைக் கசினோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். கெடி மாஸ்டரிடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், திரும்பக்கூட இல்லை.

"உனக்கு ரெண்டு புள்ள படிக்குது. நீ பேசினா உன் டர்னும் போய்டும். ஒருத்தி போனது போதும்லா."

கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதத்தான் எனக்குக் கூசுகிறது. இது நடந்து ஏழு வருடமாகிறது. என் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் ஒரு நாள்கூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினார், என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்.

கவிதா, நீ சமையலறையில் கேட்டதற்கு இதுதான் பதில். அம்மா ஏன் இல்லை என்று சொல்லவில்லை என்றால், சொன்னால் சாட்சிக்கு என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். உன் அம்மா தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என் வேலையைக் காப்பாற்றினார். டத்தோ மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான், அதை நீ மன்னிக்க வேண்டியதில்லை.

சரோஜா அக்கா என்னிடம் கேட்காமல் விட்ட அந்த ஒரு பதிலை இப்போது சொல்கிறேன். இனி யாராவது கேட்கட்டும் என்று நான் காத்திருக்கப்போவதில்லை. பதினான்காவது குழியில் டத்தோ இடது காலால் பந்தைத் தள்ளினார். நான் பார்த்தேன். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு டர்ன். கேட்க வேண்டியவர்கள் வந்து கேட்கலாம், கிளப்பில்தான் இருப்பேன்.