எந்தச் சர்க்கரை என்று கேட்டவர்

ஆண்டிமடத்திலிருந்து கலைச்செல்வி மேடத்தின் கணவர் போன் செய்தார். "செல்வி போயிட்டா தம்பி. காலையில நெஞ்சு வலின்னா. ஜெயங்கொண்டம் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

திருமதி கலைச்செல்வி, பெரம்பலூர்ப் பக்கம் ஒரு மூலிகைப் பொடிக் கம்பெனியில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவராக இருந்தவர். நான் அவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவன்.

சேர்ந்த முதல் வாரமே திட்டு வாங்கினேன். கற்றாழைப் பொடியில் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைகள் சங்கிலியாகக் கோத்த சத்து, நிறைய இருக்கிறது என்று எழுதி நீட்டினேன். "மக்காச்சோள மாவுலயும் சங்கிலிதான் இருக்கு. அதையே டப்பாவுல போட்டுக் குடுத்துடலாமா? எந்தச் சர்க்கரைன்னு பாருங்க தம்பி," என்றார். அமிலத்தில் காய்ச்சி, சங்கிலியை உடைத்து, சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் அவர் எந்தப் பொடியையும் நம்பமாட்டார். நல்ல கற்றாழையில் மேன்னோஸ் என்ற சர்க்கரை தூக்கலாக வரும். அந்தச் சேர்மானம் மாறினால் குணமும் மாறும் என்பார்.

போன வருடம் வந்த மூட்டைகளில் ஏறக்குறைய குளுக்கோஸ் மட்டுமே இருந்தது. கற்றாழையின் பெயரில் மக்காச்சோள மாவுச் சரக்கு. அதைச் சர்க்கரை நோயாளிகளுக்கென்றே டப்பாவில் அடைத்து விற்கத் துணிந்தார்கள்! "மொத்த அளவு சரியாத்தானங்க இருக்கு, தரச்சான்றுல கையெழுத்தப் போட்டு வுடுங்க," என்று சிரித்தார் முதலாளி.

"சுகர்காரங்க வவுத்துல சர்க்கரையக் கொட்டுறதுக்கு என் கையெழுத்தா? வேற ஆளப் பாருங்க," என்றார் மேடம்.

மறுநாளே அவரை லேபிள் ஒட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அந்த லேபிளையும் ஒட்டமாட்டேன் என்று வேலையை விட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வேறு ஆள் நான்தான். வேலியே பயிரை மேய்ந்த கதை. வெட்கமில்லாமல் கையெழுத்தைப் போட்டேன்.

சாவு வீட்டு வாசலில் கம்பெனியின் ஃப்ளெக்ஸ்: 'எங்கள் கற்றாழைப் பொடிக்குத் தரச்சான்று அளித்த அம்மையாருக்கு அஞ்சலி.' உயிரோடு இருந்தவரை மிரட்டியும் வாங்க முடியாததைப் பிணத்திடம் பிடுங்குகிறார்களே! கிழித்தெறிந்தேன். முதலாளி என் கையைப் பிடித்தார். "என்ன சார் இது, சான்று நீங்கதான போட்டீங்க?"

"ஆமாங்க, நான்தான் போட்டேன். பொய்ச் சான்று. அவங்க கடைசிவரைக்கும் போடல," என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அடக்கத்தின்போது எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். எனக்குக் கை நீளவில்லை. மேடம், அந்தப் பொடி இன்னும் கடைகளில் இருக்கிறது, என் கையெழுத்தோடு. அதைத் திரும்ப எடுக்க வைத்துவிட்டு வந்து என் பிடி மண்ணைப் போடுகிறேன். போய் வாருங்கள்.