புடவுக்குள் பாச்சை தின்றது

சனிக்கிழமை சாயங்காலம் என் தங்கை வசந்தாவின் தலைமுடியில் ஒரு நாற்றம் வரும். மூக்கை எரித்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் வௌவால் எச்சத்தின் நாற்றம். அம்மா இரண்டு தடவை சீயக்காய் தேய்த்தும் போகாத அந்த நாற்றம் என் தலையில் அடிக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். பொறாமைதான், வேறென்ன.

போடிக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம் இருந்தது. அதற்கு எரு எடுக்க அப்பா ஓடைக்கு அப்பால் இருந்த குகைக்குப் போவார். அதைப் "புடவு" என்போம். அள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டுமென்பதால் டார்ச் பிடிக்க ஓர் ஆள் தேவை. "ஆத்தா, நீ பெலமானவ, வெளிய நின்னு சாக்க இழு. சின்னவ உள்ள வரட்டும்" என்பார். வாரம் முழுக்க அவர் என்னிடம் பேசுவது ஏறக்குறைய அவ்வளவுதான். வீட்டில் யாரிடமும் அதிகம் பேசாதவர்.

இரவுச் சோற்றின்போது வசந்தா கண்ணால் கண்டது போல அளப்பாள். உடம்பைவிட நீளமாக மீசை வைத்த "பாச்சை"ப் பூச்சிகள் வௌவால் எச்சத்தையும் அதில் பூத்த பூஞ்சணத்தையும் வழித்துத் தின்னுமாம்; கூரையிலிருந்து தவறி விழுந்த வௌவால் குட்டியை வண்டுகள் மொய்த்து எலும்பாக்கிவிடுமாம்; தோலுரித்த பாச்சை மெத்தென்று கிடக்கும்போது கூடப்பிறந்ததே அதைக் கடித்துத் தின்றுவிடுமாம். இந்தக் கடைசிச் சேதி மட்டும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பா போய்ச் சேர்ந்தார், தோட்டம் கைமாறியது. போன மழையில் சரிவு இறங்கிப் புடவின் வாயையும் மண் மூடிவிட்டது. சேதி தெரிந்ததும் வசந்தாவுக்குப் போன் செய்து, "நீயாச்சும் உள்ள பார்த்த. எனக்குக் குடுத்து வைக்கல" என்றேன். இத்தனை வயதிலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அவள் சிரித்தாள். "நான் எங்கேக்கா பார்த்தேன்? பயத்துல கண்ண இறுக்க மூடிக்கிட்டு டார்ச்ச மட்டும் நீட்டிக்கிட்டு நிப்பேன். நான் அழுதுறக் கூடாதுன்னு அப்பாதான், அது இதத் திங்குது, இது அதத் திங்குதுன்னு வெளிய வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்பாரு. அதத்தான் வந்து ஒங்கிட்டச் சொல்வேன்."

ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய பதில். அவள் பார்த்தாள் என்று நினைத்திருந்த வரைக்கும் என் பொறாமை தாங்கிக்கொள்ளக்கூடியதாகத்தான் இருந்தது.