இழுவை பார்த்து வாங்கிய வண்டி

ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தவன் நான். ஒரத்தநாட்டில் சைக்கிளில் தவிடு விற்றேன். அப்புறம் வாடகைக்கு ஒரு அரவை மெஷின். அப்புறம் சொந்த ரைஸ் மில். பேங்க் மேனேஜர் என்னை உட்காரச் சொல்லாத காலத்திலேயே குடோன் கட்டினேன். லாரி பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்க, அதன் மட்டத்துக்கு மேடை போட்டேன் — எங்கள் பக்கத்தில் முதல் ஆள் நான்தான். இன்ஜினியர் இல்லை, பிளான் இல்லை. எல்லாம் இந்த மண்டைதான்!

அந்த மண்டை ஒரு இடத்தில் சறுக்கியது. போன வாரம்தான் முழுசாக உறைத்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மூட்டை தூக்க ஆள் கிடைக்கவில்லை. ஃபோர்க்லிஃப்ட் வாங்க ஷோரூமுக்குப் போனேன். விற்பனையாளர் முதலில் பேட்டரி வண்டியைக் காட்டினார்.

“என்னங்க, ஸ்டார்ட் ஆகலையா?”

“ஓடிக்கிட்டுதான் இருக்குங்கய்யா.”

நம் பக்கத்தில் டிராக்டர் வாங்கும்போது என்ன பார்ப்போம்? இழுவை! சேற்றில் மாட்டினால் ஏறி வருமா... இன்ஜின் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவோம். அதே காதோடுதான் இங்கேயும் போனேன். சத்தமே இல்லாத வண்டியில் என்ன இழுவை இருக்கப் போகிறது? பக்கத்தில் டீசல் வண்டி உறுமியது. யானைக்கால் மாதிரி டயர்.

“ஐயா, மூடின குடோனுக்குள்ள ஓட்டுறதுன்னா...” என்று அவர் தயங்கினார்.

“நான் கட்டின குடோனப் பத்தி எனக்கே சொல்றீங்களா?”

டீசல் வண்டி வந்தது. எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து ஜன்னலே வைக்காத குடோன். புகை எங்கே போகும்? உள்ளேயே நின்றது. மூட்டை அடுக்குகளுக்கு நடுவே திரும்ப இடமில்லாமல், வண்டி முன்னும் பின்னும் போய் இன்னும் புகையைக் கக்கியது.

மில் ஆரம்பித்த நாளிலிருந்து மூட்டை வாய் தைப்பவள் அஞ்சலை. ஒரு மாதத்தில் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, புகை தாங்கலண்ணே. தொண்டைய அடைக்குது.”

“நெல்லு அவிக்கிற புகையில வளந்தவ நீ. இது ஒரு புகையா?”

“அது மேல போயிரும்ணே. இது உள்ளயே உக்காந்துக்குது. கரண்டுல ஓடுற வண்டி இருக்காம்ல? திருப்பூர்ல இருக்குற எம் மருமவன் சொன்னான்.”

“சாக்கு தைக்கிறவ வண்டிக்கு யோசனை சொல்றியா? நாளையிலேருந்து மில்லையும் நீயே நடத்து!”

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இருமினாள்.

இரண்டு சம்பா அறுவடை தாக்குப்பிடித்தாள். பிறகு வரவில்லை. எனக்கு இழுவை கிடைத்தது... அவளுக்கு இழுப்பு வந்தது.

போன வாரம் பேட்டரி வண்டி வாங்கிவிட்டோம். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து விழா. என் மகன் மைக்கில் சொன்னான்: “இது வண்டி கம்பெனிக்காரங்க கொடுத்த ஐடியா.” முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குச் சுருக்கென்றது.

நீங்களும் வண்டி வாங்கப் போகிறீர்களா? வெட்டவெளி என்றால் டீசல் இருக்கட்டும். நாலு சுவருக்குள் என்றால் பேட்டரிதான். வண்டி திரும்ப எத்தனை அடி வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். அதற்கும் முன்னால், உள்ளே நின்று வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள்.

விழாவுக்கு மறுநாள் காலையில் அஞ்சலை வீட்டுக்குப் போனேன்.

“புது வண்டி சத்தமே போடலையாமேண்ணே?”

“ஆமா. நீ பழையபடி வேலைக்கு வா அஞ்சல.”

சிரித்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. “வண்டிய மாத்திட்டீங்க. நெஞ்ச எங்கண்ணே மாத்துறது?”



மகனிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன். அந்த யோசனை கம்பெனி கொடுத்ததல்ல, அஞ்சலை சொன்னது. அதைக் கேட்காமல் அவள் வாயை அடைத்தவன் நான். இனி யார் மைக் பிடித்தாலும் இரண்டு பேரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் — என் பங்கை ஒருவரும் மறைக்கக் கூடாது!