எட்டாம் நம்பர் வீட்டு மாடிக் குரல்

பீட்டர் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை, ஆம்பூரில், தூக்கத்திலேயே. இன்று மதியம் அடக்கம். முடித்துவிட்டு இப்போதுதான் வேலூர் திரும்பினேன்.

பீட்டர் யார் என்று உங்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் அவர் குரல் தெரியும்.

“யோவ் கீழ் வீடு! மோட்டர நிறுத்துய்யா! டேங்க் ரொம்பி ஊத்துது!”

அவர்தான்.

லோக்கல் கேபிளில் வந்த எங்கள் ‘எட்டாம் நம்பர் வீடு’ காமெடி சீரியல் ஞாபகம் இருக்கும். வசனம் நான். கீழ் வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கும், மாடியில் ஹவுஸ் ஓனர். அவர் முகத்தைக் காட்டவே மாட்டோம். குரல் மட்டும் வரும். கேட்டதும் கீழே மொத்தக் குடும்பமும் வாயில் வைத்த சோறோடு அப்படியே நிற்கும்.

வெள்ளிக்கிழமைகளில்தான் ஷூட்டிங். பக்கத்துத் தோல் கம்பெனிகளுக்கு அன்றுதான் லீவு, தெருவில் லாரி சத்தம் கம்மி. டப்பிங் எல்லாம் கிடையாது... மைக்கில் விழுந்ததுதான் சத்தம். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நிறுத்திவிட்டு டீ குடிப்போம்.

பீட்டர் அண்ணன் ஒரு ஷூ கம்பெனி டைம் ஆபீஸில் மைக் பிடித்து ஆட்களைக் கூப்பிடுகிறவர். வேடிக்கை பார்க்க வந்தவரை அந்தக் குரலுக்காகப் பிடித்து நிறுத்தினோம்.

மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்றுதான் கத்துவார். ஏன் என்று கேட்டேன்.

“அவுங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு சிரிப்பு வந்துடும் சார். அப்புறம் எங்க திட்டறது?”

என்னைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் கடைசிவரை நான் அவருக்கு ‘சார்’தான்.

ஒரு டேக்கில், படியில் வைத்திருந்த டீ டம்ளர் அவர் கால் பட்டு உருண்டது. படிக்குப் படி டங் டங் என்று கீழே வரை. மனிதர் நிறுத்தவில்லை, அதற்கு மேலாகக் கத்தினார். கீழே நடித்தவர்கள் நிஜமாகவே பயந்தார்கள். அந்த டேக்கையே வைத்துக்கொண்டோம்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “சார்... எம் பேரு வருமா?”

டைரக்டர் பதில் சொன்னார். “இப்பவே போட்டா சஸ்பென்ஸ் போய்டும்ணே. கடைசி எபிசோட்ல ஃபுல் ஸ்கிரீன்ல உங்க பேருதான்.”

டைரக்டருக்குச் சென்னையில் வாய்ப்பு வந்தது, போய்விட்டார். சீரியல் பாதியில் நின்றது. கடைசி எபிசோடே இல்லை.

அந்த டைரக்டர் பேரை நான் இங்கே போடவில்லை. பேர் போடாமல் விடுவது எனக்கும் வரும்.

போன வருஷம் அந்த டைரக்டரே அதே சீரியலை வெப் சீரிஸாகத் திரும்ப எடுத்தார். வசனத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சரி, அது என் கணக்கு, அதை நான் வைத்துக்கொள்கிறேன். பீட்டர் அண்ணனைக் குரலுக்குக் கூப்பிட்டார்கள். சென்னைக்குத் துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த சட்டை. காட்பாடி தாண்டுவதற்குள் இரண்டு தடவை கேட்டார், “இந்த வாட்டி போட்டுருவாங்க இல்ல சார்?”

டப்பிங் ரூமில் எதிரே பெரிய திரை. அதில் அந்தக் குடும்பம், வாயில் வைத்த சோறோடு.

பார்த்ததும் சிரித்துவிட்டார்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடி சிரித்தார். “தம்பி, அந்தாண்ட திரும்பி நின்னுக்கட்டுமா?” என்று கேட்டார். மைக்கைத் திருப்ப முடியாது என்றார்கள். மறுபடியும் சிரிப்பு... கண்ணில் தண்ணீர் வரும் வரை.

டைரக்டர் வாட்ச்சைப் பார்த்தார். ஒரு சால்வை, ஒரு போட்டோ. “நாங்க பாத்துக்கறோம்ணே.”

முதல் எபிசோடில் அந்தக் குரல் வந்தது. ‘அதே குரல்ப்பா!’ என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். அதே குரல்தான், பழைய டேப்பிலிருந்து எடுத்தது. டைட்டிலில் அவர் பேரை மட்டும் காணோம்.

பிறகு ஒரு யூடியூப் பேட்டி. ‘உங்களுக்குத் தெரியாத விஷயங்கள்’ என்ற தலைப்பு. சோபாவில் சாய்ந்துகொண்டு டைரக்டர் சிரிக்கிறார்: “அந்த ஹவுஸ் ஓனர் வாய்ஸ் யாருன்னு எல்லாரும் கேக்கறாங்க. நான்தாங்க அது!”

அன்றைக்கே பீட்டர் அண்ணனுக்கு போன் அடித்துக் கத்தினேன். டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தார்.

“இன்னா சார் நீ, இதுக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு... அதுல நம்ம டம்ளரு உருள்றது கேக்குது இல்ல? அத எவன்னா நான்தான் உருட்டுனேன்னு சொல்லுவானா? வுடு சார்.”

விடச் சொன்னார். எனக்கு விட வராது. பேட்டிக்குக் கீழே கமெண்ட் போட்டேன், டெலீட் செய்தார்கள். திரும்பப் போட்டேன், பிளாக் செய்தார்கள்.

அந்த முதல் எபிசோடைப் போட்டுக் கேளுங்கள். குரலுக்கு அடியில் ஒரு டம்ளர் உருளும். நன்றாகக் கேளுங்கள்.

இன்று எங்கள் பழைய குரூப்பில் டைரக்டர் இரண்டு கைகூப்பு எமோஜி போட்டிருந்தார். அவ்வளவுதான்.

மாடி ஹவுஸ் ஓனர் கடைசிவரை வாடகை வீட்டில்தான் இருந்தார். அதுவும் மாடிதான். குறுகலான படி... திருப்பத்தில் பெட்டி வளையவில்லை. தலைப்பக்கம் தூக்கி, சாய்த்து, மெதுவாக இறக்கினோம். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா மேலேயே நின்றுவிட்டார்.

வாசலில் போதகர் ஜெபத்தைத் தொடங்கியபோது மேலே டேங்க் நிரம்பி ஊற்ற ஆரம்பித்தது. கீழ் வீட்டில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். சன்ஷேடில் விழுந்து, எங்கள் தோளில் தெறித்தது.

எல்லோரும் மாடியை நிமிர்ந்து பார்த்தோம்.

ஜெபம் முடியும் வரை ஊற்றிக்கொண்டே இருந்தது.

போய்ட்டு வாங்கண்ணே. ஃபுல் ஸ்கிரீன் என்னிடம் இல்லை... இருக்கிற இடத்தில் போடுகிறேன்.

எட்டாம் நம்பர் வீடு
மாடி ஹவுஸ் ஓனர்: பீட்டர் செல்வராஜ், ஆம்பூர்.