காலர் மிஷினில் ஒரு மூச்சு

காலர் முனையைத் திருப்பித் தைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கை ஆடாமல் இருக்க நானாகப் பழகிக்கொண்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனிக்கு வந்த பிறகு, ஒரு காலரை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பிடித்த மூச்சை விடவே மறந்துபோனேன். ஒரு மதியம் மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தேன்.

நெஞ்சில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். "வேலைக்கு நடுவுல அப்பப்ப நிறுத்தி, மெதுவா மூச்சை வெளிய விடும்மா, போதும்."

சூப்பர்வைசர் வேறு மாதிரி சொன்னார். "இன்னொரு வாட்டி உழுந்தா ஊட்லயே இருந்துக்கம்மா." எங்கள் வீடு ஓடுவதே அந்தச் சம்பளத்தில்தான்.

ஆனால் எப்படி நிறுத்துவது? அடிநூல் சுற்றிய பாபின் தீர்ந்து, அதை மாற்ற நிறுத்தும்போது மட்டும்தான் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தச் சாக்கில் கண்ணை மூடி மூச்சு விட ஆரம்பித்தேன்.

என் காலரை வாங்கிச் சட்டையில் வைத்துத் தைப்பவள் அடுத்த மிஷினில் இருந்தாள். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருபவள். என்னைவிடச் சின்னவள், வாய் ஓயாது.

"இன்னாக்கா, பாபினுக்குப் பூசை பண்ணிகினு கீறியா? நான் இங்க ஈ ஓட்டிகினு கீறேன்!"

லைனே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"இத்த சொல்றதுக்கு இன்னாக்கா? பாபின் தீர்ற வரைக்கும் எதுக்குக் காத்துகினு கீற? நீ மூச்சப் புடிச்சா உன் தோளு காதாண்ட ஏறிடுது. நான் பாத்து சொல்றேன்."

அன்றிலிருந்து என் தோள் ஏறினால், கத்தரியால் மேஜையில் ஒரு தட்டு. "உடு." நான் பெடலிலிருந்து காலை எடுத்து, வயிறு ஒட்டும் வரை மெதுவாக மூச்சை விடுவேன். அதற்குப் பிறகு தைக்கும் காலர் கோணாமல் வரும்.

ஒருநாள் சூப்பர்வைசர் காதில் விழுந்துவிட்டது. "இன்னாத்த உடச் சொல்ற?"

"மூச்ச சார். நீங்களும் உடுங்க, மூஞ்சி செவந்து கீது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த லைனுக்குப் போனார்.

போன மாதம் அவள் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டாள். அவள் இடத்துக்கு வந்தவர் குனிந்த தலை நிமிராமல் தைத்தார். அவசர ஆர்டர் வேறு. மதியத்துக்குள் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்று விழுந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, இன்னும் வேகமாகத் தைத்தேன். பெடலிலிருந்து காலை எடுக்கத் தோன்றவே இல்லை.

"யம்மா, தோள எறக்கு! மூச்ச உடு!"

பின்னால் செக்கிங் மேஜையிலிருந்து வந்த குரல். அந்த அம்மாவோடு நான் ஒருநாளும் பேசியதில்லை. உடனே பட்டன் மிஷினிலிருந்து இன்னொருத்தி கத்தினாள்: "உடுக்கா! நீ உழுந்தா எங்கள சும்மா உடமாட்டேன்னு சொல்லிட்டுப் போயிகீறா அவ!"

லைன் முழுக்க என் சங்கதி தெரிந்திருக்கிறது. வெட்கத்தில் திரும்பிப் பார்க்க முடியவில்லை. காலை எடுத்தேன். மூச்சை விட்டேன். இன்னொரு முறையும் விட்டேன். ஊசி தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் மணி அடித்ததும் நன்றி சொல்லலாம் என்று செக்கிங் மேஜை வரை போனேன். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா சட்டையை மடித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா நின்னுகினு கீற? ஊட்டுக்குப் போய்ட்டு நாளைக்கு வா."